மானம் போவதும் மனம் கூசுவதும்

அன்புள்ள ஐயா,

கொரியத் தொடர்கள் நிறையப் பார்க்கிறேன். ஒருத்தி ‘சாங்பிஹே’ என்று தலையைக் குனிகிறாள், இன்னொருத்தி ‘புக்குரொவோ’ என்று முகத்தை மூடிக்கொள்கிறாள். இரண்டுக்கும் கீழே ‘வெட்கமா இருக்கு’ என்றே போடுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

க.

அன்புள்ள க.,

ஒன்றில்லை. ‘சாங்பி’ வருவதற்கு நாலு பேர் பார்க்க வேண்டும். கூட்டமான மெட்ரோவில் கால் இடறி விழுந்தால் வருவது அது. யாரும் பார்க்கவில்லையா, தூசியைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். இளசுகளின் பேச்சில் இதற்கே ‘ச்சோக்பல்லிதா’ என்று ஒரு முரட்டுச் சொல் உண்டு. ‘ச்சோக்’ என்றால் கொச்சையில் முகம்; முகம் விலைபோய்விட்டது என்று அர்த்தம். பெரியவர்கள் முன்னால் அது வாயில் வரக்கூடாது.

‘புக்குரொவோ’வின் சங்கதி வேறு. புது ஆளைக் கண்டு அம்மா பின்னால் ஒளியும் குழந்தைக்கும் அதைச் சொல்வார்கள்; அதுவரை நம் வெட்கம்தான். ஆனால் மனசாட்சி உறுத்தும்போதும் அதே சொல்தான். அப்போது பக்கத்தில் ஆள் இருக்கத் தேவையில்லை.

கவிஞர் யுன் தொங்-ஜுவை அவசியம் படியுங்கள். ஜப்பானிய ஆட்சியில் கொரிய மொழியில் எழுதியவர். சாகும் நாள்வரை வானத்தை அண்ணாந்து பார்க்கையில் தன்னிடம் ஒரு துளி ‘புக்குரொம்’ இருக்கக்கூடாது என்று 1941 நவம்பரில் எழுதினார். அந்த இடத்தில் சாங்பியை வைத்தால் கவிதையே சரிந்துவிடும். வானம் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இல்லையே! மறு ஆண்டு, ஜப்பானில் படிக்கும்போது, வாழ்வது கடினம் என்கிறார்கள், கவிதை மட்டும் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அதற்கும் கூசினார். 1943-இல் கைதாகி, 1945 பிப்ரவரியில் ஃபுகுவோகா சிறையில் இறந்தபோது வயது 27. எனக்கு இந்தச் சொல்லின் முழு ஆழமும் புரிந்தது அவரிடம்தான்.

அப்புறம், கூசத் தெரிவதையே கொரியர்கள் ஒரு குணமாக மதிக்கிறார்கள். அதன் பெயர் ‘யொம்ச்சி’. ஏற்கெனவே உதவி வாங்கியவர் மறுபடி கேட்கும்போது, ‘யொம்ச்சி இல்லாமல் கேட்கிறேன்’ என்றுதான் ஆரம்பிப்பார். கூச்சமே இல்லாதவரை, முகத்தில் இரும்புத் தகடு விரித்தவர் என்பார்கள்.

சாங்பிஹேவுக்கு ‘மானம் போச்சு’ என்று போட்டிருக்கலாம். புக்குரொவோவுக்குக் காட்சியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்: காதலன் முன்னால் என்றால் ‘வெட்கமா இருக்கு’ சரி, செய்த தப்பை நினைத்து என்றால் ‘மனசு கூசுது’.