செஸ் எஞ்சின் கேள்வி பதில்: தேடலை எங்கே நீட்டுவது?

வேளச்சேரி மாணவர்: அண்ணா, என் எஞ்சின் (செஸ் ஆடும் நிரல்) 8 ப்ளை தேடுகிறது, அதாவது இரு தரப்பும் சேர்த்து 8 நகர்த்தல். ராணி விழப்போகிறது என்று தெரிந்தாலும் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் வீண் செக் கொடுத்துக்கொண்டே இருக்கிறதே?

ராணி விழுவது 9-வது ப்ளைக்குத் தள்ளிப்போனால் எஞ்சினுக்கு அது கண்ணிலேயே படாது தம்பி. ஹொரைசன் எஃபெக்ட் என்பது இதுதான். ராஜா செக்கில் இருந்தால் ஒரு ப்ளை கூட்டித் தேடச் சொல்லுங்கள், ஓரளவு சரியாகும். காயைச் சும்மா பலி கொடுக்கிற செக்குக்கெல்லாம் கூட்ட வேண்டாம்.

தாம்பரம் வாசகர்: சிங்குலர் எக்ஸ்டென்ஷன் எத்தனை முறை படித்தாலும் புரியவில்லை சார்.

ஒரு நிலையில் ஒரே ஒரு நகர்த்தல்தான் தேறுகிறது, மற்றதெல்லாம் தெளிவாக மோசம் என்றால், அந்த ஒன்றை இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அனந்தராமன், கேம்ப்பெல், ஷு மூவரும் 1980களின் கடைசியில் கொண்டுவந்த யோசனை இது. பின்னவர்கள் இருவரும் 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் ப்ளூவைச் செய்த குழுவிலும் இருந்தவர்கள். இப்போது பலரும் செய்வது கொஞ்சம் மலிவான வழி: ஹாஷ் டேபிள் (முன்பே தேடிய நிலைகளின் முடிவுகளைச் சேமித்து வைக்கும் பட்டியல்) சொல்லும் நகர்த்தலை விலக்கிவிட்டு, அதன் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே ஓர் எல்லை வைத்து, மீதியைப் பாதி ஆழத்தில் தேடுவார்கள். எதுவுமே எல்லையை எட்டவில்லையா, விலக்கியதற்கு ஒரு ப்ளை கூடுதல். வேறொன்றும் எட்டிவிட்டது, அந்த எல்லையே பீட்டாவுக்கு (இதற்கு மேல் போனால் எதிராளி இந்த நிலைக்கே வர விடமாட்டார் என்ற மதிப்பெண்) குறையவில்லை என்றால், அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடலாம்; மல்டி-கட் எனப்படும் இந்த வெட்டு கிட்டத்தட்ட இலவசம். ஒன்று மட்டும் கவனம், விலக்கித் தேடிய முடிவை வழக்கமான ஹாஷ் கீயிலேயே (அந்த நிலைக்கு டேபிளில் உள்ள அடையாள எண்) எழுதிவிட்டால் எஞ்சின் உளறும், அதுவும் எப்போதாவதுதான் உளறும் என்பதால் கண்டுபிடிக்க உயிர் போகும்.

அண்ணா நகர் வாசகி: செக், திருப்பி வெட்டுதல், 7-வது வரிசைச் சிப்பாய் என்று எல்லாவற்றுக்கும் நீட்டினேன். தேடல் முடியவே மாட்டேன் என்கிறது.

முடியாதுதான் மேடம், ஒரே நகர்த்தலுக்கு மூன்றும் சேர்ந்தால் ஆழம் குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும். எத்தனை காரணம் இருந்தாலும் ஒரு ப்ளைதான் என்று வையுங்கள், ரூட் ஆழத்தைப் போல (தேடல் தொடங்கும்போது வைத்த ஆழம்) இரு மடங்கு தாண்டினால் அதுவும் கிடையாது. அப்புறம் மூன்றில் இரண்டைத் தூக்கிவிடுங்கள் என்பேன்.

பெரம்பூர் வாசகர்: ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சினில் நீட்டலுக்கு இருக்கிற எண்களை அப்படியே போடலாமா?

போடலாம், பலன் இருக்காது. அவை அதன் மதிப்பீட்டுக்கென்றே சீவப்பட்டவை. அதன் நிரல்வரிகளையே எடுத்தால் ஜிபிஎல் உரிமமும் கூடவே வரும், அதாவது உங்கள் எஞ்சினை வெளியிட்டால் அதன் நிரல்வரிகளையும் தர வேண்டும். எண்களை நீங்களே சோதித்துப் பிடியுங்கள்: உங்கள் எஞ்சினின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில ஆயிரம் ஆட்டம் மோதட்டும். புதிர் தீர்ப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், நீட்டல் எதைச் சேர்த்தாலும் புதிரில் நன்றாகத்தான் தெரியும். நம்ம ஊர் மே மாத வெயிலில் லேப்டாப் சூடாகி வேகம் ஏறி இறங்கும், அதனால் நேரத்துக்குப் பதிலாக நகர்த்தலுக்கு இத்தனை நோட் (எஞ்சின் பார்க்கும் நிலைகளின் எண்ணிக்கை) என்று வைத்து ஓட விடுங்கள்.