கணுக்கால் ஜவ்வை உருவி விடாதீர்கள்

கேள்வி: வயது 44. மூன்று வாரத்துக்கு முன் படியில் இறங்கும்போது வலது கால் பிரண்டுவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று மாத்திரையும் க்ரேப் பேண்டேஜும் கொடுத்தார்கள். வீக்கம் இன்னும் வடியவில்லை. சுளுக்கு எடுக்கலாம் என்கிறார் மாமியார். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். எது சரி?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது, கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்று முன்னால் உள்ள ஜவ்வு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றால் எலும்பு முறியவில்லை, அவ்வளவுதான். ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. முதல் சில நாள் வீக்கம். பிறகு ஆறு வாரம் வரை புது இழைகள் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும். அவை வரிசைப்பட்டு முறுக்கேற மாதங்கள் ஆகும், ஒரு வருடம்கூடப் பிடிக்கலாம். மூன்றாவது வாரத்தில் சாயங்காலமானால் கால் வீங்குவது இயல்பு.

அந்த இளம் இழைகளைத்தான் சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் போட்டு இழுத்து உருவுகிறார். பிசகிய நரம்பு என்று அங்கே எதுவும் கிடையாது. ஆறப்போகிற இடம் மறுபடி கிழியும். இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் அசைக்காமல் வைப்பதும் தவறு: மூட்டு இறுகி, கெண்டைச்சதை வற்றிவிடும். அளவான இழுவை கிடைத்தால்தான் இழைகள் ஒழுங்காக வரிசைப்படும்.

ஸ்கேனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிலையில் எம்ஆர்ஐ என்ன சொன்னாலும் வைத்தியம் மாறாது. எட்டு வாரம் கழித்தும் கால் நழுவினால், மூட்டுக்குள் வலித்தால் எடுங்கள்.

செய்ய வேண்டியது: ஆறு வாரம் முடியும்வரை நடக்கும்போது பக்கவாட்டில் பிடிக்கும் ஆங்கிள் பிரேஸ் (கணுக்கால் உறை) போடுங்கள். தினமும் இரண்டு வேளை, உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். வலி குறைந்ததும் சுவரோரம் அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள், மூன்று முறை. தள்ளாடாமல் நிற்க வந்தபின் கண்ணை மூடி நில்லுங்கள். இந்தப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கால் திரும்பத் திரும்பப் பிரள்கிறது. ஓபி சீட்டில் மூன்று மாத்திரை எழுத இடமிருக்கிறது, இதை எழுத மட்டும் யாருக்கும் நேரமில்லை. படுக்கையில் சேர்ந்தால் பணம் தரும் காப்பீடும் பிசியோதெரபிக்குப் பெரும்பாலும் தருவதில்லை.

ஒன்றை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். கால் பிரண்டபோது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் ‘படக்’கென்றதா? அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்த முடியவில்லையா? அப்படியானால் அறுந்தது, கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணாக இருக்கலாம். குப்புறப் படுத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்க, வீட்டில் ஒருவரைக் கெண்டைச்சதையை அழுத்தச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். மற்றதில் அசையவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. பாதத்தை ஆட்ட முடிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வேறு தசைநாண்களும் அதை ஆட்டும். இதில் மருத்துவர்களே ஏமாறுவதுண்டு. நான்கு வாரம் தாண்டினால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கி, அறுவை சிகிச்சை பெரிதாகிவிடும். அசையாவிட்டால் நாளைக் காலையே எலும்பு மருத்துவரிடம் போய், அழுத்திப் பார்த்ததைச் சொல்லுங்கள். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டுமே நாணைப் பலவீனமாக்கக் கூடியவை.