நான்கு நாளில் வருவது அல்சைமர் அல்ல

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். நெற்றி புடைத்ததே தவிர, அன்று தெளிவாகவே இருந்தார். தொடையில் கன்றிய இடம் இப்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. நான்கு நாட்களாகப் பகலெல்லாம் தூங்குகிறார், பேச்சு தடுமாறுகிறது, இடது காலை இழுத்து நடக்கிறார். இணையத்தில் தேடினால் அல்சைமர் என்கிறது. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்து வருகிறேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: அம்மாவை உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தலைக்கு இன்றே சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல முற்றுவது. நான்கு நாட்களில் வந்து ஒரு காலை மட்டும் பிடித்து இழுக்காது. நான் அஞ்சுவது, மண்டையோட்டுக்குள் கசிந்து சேரும் ரத்தத்தைப் பற்றி. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. அதற்கும் அதன் வெளியுறைக்கும் இடையே செல்லும் சிறு சிரைகள் இழுபட்டு விறைப்பாக நிற்கின்றன. லேசான இடியிலேயே ஒன்று கிழிந்துவிடலாம். உள்ளே இடம் இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. வாரங்கள் கழித்து, தேங்கிய ரத்தம் பெருகி மூளையை அழுத்தும்போதுதான் இந்தத் தூக்கமும் குழப்பமும் ஒரு பக்கத் தளர்ச்சியும் தலைகாட்டும். ஆகவே, அன்று தெளிவாக இருந்தார் என்பதில் ஆறுதல்கொள்ள ஒன்றுமில்லை. வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால் அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் நினைப்பதுதான் என்றால் சிகிச்சை உண்டு: மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடிப்பார்கள். தாமதிக்காமல் வந்தவர்களில் பலர் நன்றாகத் தேறுகிறார்கள்.

டைக்ளோஃபெனாக்கை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? வார்ஃபரினோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். முதியவர்களின் சிறுநீரகத்தையும் அது விட்டுவைப்பதில்லை. இனி ஒரு மாத்திரைகூட வேண்டாம். வார்ஃபரினின் அடுத்த வேளையையும் மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசிச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தொடைக் கன்றலை விட்டுத்தள்ளுங்கள். நிறம் மாறுவது ஆறுவதற்கு அடையாளம். ஆனால் இடுப்புக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால், அதோடேயே நடமாடும் முதியவர்கள் உண்டு.

விழுந்தார், வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்ற இரண்டையும் மருத்துவமனையில் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வயதானால் இப்படித்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால், ஸ்கேன் எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.