தூண்டில் கேள்வி-பதில்: மே மாதக் கடிதங்கள்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான், பேட்டை மட்டும் வேறு வேறு. அவற்றை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யாருக்குமே பெயர் போடவில்லை.

தோ பாயோ வாசகர்: மே மாதத்தில் மீன் கடிக்கவே மாட்டேன் என்கிறது. எந்த நேரத்துக்குப் போகலாம்?

நீங்கள் எந்த நேரத்துக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. நண்பகலில் போய் நின்றுவிட்டு மீனைக் குறை சொல்கிறவர்களே அதிகம் என்பதால் உங்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். ஏப்ரலும் மேயும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காற்று செத்துக் கிடக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது நினைவிருக்கும். நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். பீகாக் பாஸ் மீன் நிழலுக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கிவிடும்.

காலை 7 மணிக்கு முதல் வீச்சு, 9 மணிக்கு மூட்டை கட்டல். மாலையில் இடிமழை ஓய்ந்திருந்தால் ஐந்தரைக்கு மேல் ஒரு சுற்று. அனுமதி நேரம் பலகையில் போட்டிருக்கும், அதையும் படியுங்கள். மழைக்குப் பிறகு வடிகால் வந்து சேரும் இடத்தில் கலங்கிய நீரும் தெளிந்த நீரும் ஒரு கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டை ஒட்டி லூரை (செயற்கை இரையை) இழுங்கள். சிறுமீன் அங்கேதான் கூடும், பெரியது அதன் பின்னால் வரும். ஆனால் வடிகாலுக்குள் இறங்காதீர்கள். சில நிமிடங்களில் நீர் இடுப்புக்கு வந்துவிடும்.

பாசிர் ரிஸ் வாசகர்: உயிருள்ள இரைதானே கூடாது? ரொட்டி போடலாம் அல்லவா?

கூடாது. நீர்த்தேக்கங்களில் செயற்கை இரை மட்டும்தான். ரொட்டி, மாவு உருண்டை, புழு, இறால் எதுவும் இல்லை. போன ஆண்டும் இதையே எழுதினேன்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: எந்த நீர்த்தேக்கத்தில் மீன் அதிகம்?

என்ன மீன் வேண்டும், என்ன ராடு (தூண்டில் கோல்) வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு நடப்பீர்கள், ஒன்றும் இல்லை. மொட்டைக் கேள்விக்கு மொட்டைப் பதில்தான். பீகாக் பாஸ் போதும், எம்ஆர்டி ரயிலில் போய்வர வேண்டும் என்றால் பிடோக். நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல் சுற்றுப்பாதை, காலையில் ஓடுகிறவர்கள் கூட்டம். தோமான் (விரால் இனத்துப் பெரிய மீன்) வேண்டும், தனிமை வேண்டும், கொசுக்கடி பரவாயில்லை என்றால் கிராஞ்சி. எங்கே போனாலும் மீன்பிடிக்க ஒதுக்கிய இடத்துக்குள் நில்லுங்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நின்றால் பொழுதுபோக்கு, அந்தப் பக்கம் நின்றால் 3,000 வெள்ளி வரை அபராதம். “எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள்” என்று எனக்கு எழுதிப் பயனில்லை. அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்.

ஹவ்காங் வாசகர்: பிரெய்டையும் (பின்னல் நரம்பு) லீடரையும் (லூருக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு) இணைக்க எந்த முடிச்சு நல்லது?

எஃப்ஜி. கை வரவில்லையென்றால் டபுள் யூனி. எதுவானாலும் எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வில் சூடேறி அங்கேயே பலம் போய்விடும்.

ஈசூன் வாசகர்: லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தண்ணீரின் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் பார்த்தேன். அதன் நடுவில் தவளை லூரைப் போட்டால் தாய் தோமான் உடனே அடிக்கிறது! இரண்டு வாரத்தில் நல்ல சைஸ் மூன்று. வேறு என்ன லூர் போட்டால் இன்னும் வேகமாக அடிக்கும்?

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆச்சரியக்குறியைப் பார்த்துவிட்டு தேநீரை ஓரமாக வைத்தேன்.

நீங்கள் பார்த்தது என்ன என்று முதலில் சொல்கிறேன். தோமான் காற்றைச் சுவாசிக்கும் மீன். குஞ்சுகளும் அப்படித்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மொத்தக் கூட்டமும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். காற்றே இல்லாத காலையில் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் பொடிப்பொடியாகத் துள்ளும். கண்ணைக் கூர்ந்தால் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் நகர்வது தெரியும். அதற்கு ஒரு முழம் கீழே, சில சமயம் அதைவிட ஆழத்தில், தாயும் தகப்பனும் இருக்கும். ஆம், இரண்டுமே. தோமான் இணையாகக் காவல் காக்கும். குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து, சிவப்பு மங்கி, பக்கவாட்டில் கருங்கோடு விழும்வரை வாரக்கணக்கில் அவை அந்த இடத்தை விட்டு அகலாது.

இப்போது உங்கள் “உடனே அடிக்கிறது” என்பதற்கு வருவோம். அது பசியில் அடிப்பதல்ல, பிள்ளைகளின் நடுவே எதுவோ விழுந்துவிட்டது என்று பாய்வது. தவளையைப் போட்டாலும் அடிக்கும், செருப்பைப் போட்டாலும் அடிக்கும். இதில் லூர் தேர்வு எங்கே வந்தது, திறமை எங்கே வந்தது? ஒரு வருடம் அலைந்தும் வெட்டவெளி நீரில் ஒரு தோமானை ஏமாற்ற முடியாதவர் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் பத்து நிமிடத்தில் மீனோடு படம் எடுத்துக்கொள்வார். பெரிய தோமான் படங்கள் பலவற்றின் பின்னணியில் நீரைப் பாருங்கள், சிவப்பு தெரியும்.

நீங்கள் மீனைக் கரைக்கு இழுத்து, முள்ளைக் கழற்றி, படம் எடுத்து, அளவு பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே என்ன நடக்கும்? பீகாக் பாஸ் சும்மா நிற்குமா? ஓரத்தில் காத்திருக்கும் மற்ற மீன்கள் சும்மா இருக்குமா? மேகம் சிதறும், பாதி காணாமல் போகும். மீனைத் திரும்ப விட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தால்கூட இதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் அதையும் எழுதவில்லை, “நல்ல சைஸ் மூன்று” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றும் எங்கே போயின?

இதைச் சட்டம் தடுக்கவில்லையே என்று முன்பு ஒருவர் என்னிடம் வாதாடினார். சட்டம் தடுக்காத பலவற்றை நாம் வெட்கப்பட்டுக்கொண்டு செய்யாமல் இருக்கிறோம். சிவப்பு மேகத்தைக் கண்டால் ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தள்ளிப் போங்கள். காவல் இல்லாத தோமான் எத்தனையோ உண்டு. உச்சி வெயிலிலும் அது காற்றை விழுங்க மேலே வந்துதான் ஆகவேண்டும். வளையம் விரியும் இடத்தைக் கவனித்து, தலை எந்தப் பக்கம் திரும்பி இறங்கியது என்று பார்த்து, அதற்கு இரண்டு மீட்டர் முன்னால் லூரை இறக்குங்கள். பத்துக்கு ஒன்பது முறை திரும்பிக்கூடப் பார்க்காது. பத்தாவது முறை அடித்தால் அது உங்கள் மீன். பிரெய்ட் பிஇ 3 தடிமன், லீடர் 40 பவுண்டு. தோமானின் பல் விளையாட்டுப் பொருள் அல்ல. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போங்கள்.

செம்பவாங் வாசகர்: ரீலைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். என்ன செய்வது?

கடலுக்கும் அதே ரீலைத்தானே கொண்டுபோகிறீர்கள்? குழாய் நீரை மெல்ல விட்டுக் கழுவுங்கள், வாளியில் முக்காதீர்கள். துடைத்து, காயவைத்து, நரம்பு ஓடும் லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். அப்படியும் சத்தம் நிற்கவில்லையென்றால் பேரிங் போயிற்று, கடையில் கொடுங்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகி: என் மகனுக்கு 8 வயது. தூண்டில் கேட்டு நச்சரிக்கிறான். முதல் ராடு எது வாங்கலாம்?

நல்ல கேள்வி, தேவையான விவரமெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றிம்மா. ஆறடிக்கு மேற்படாத அல்ட்ராலைட் ராடு, 1000 அல்லது 2000 அளவு ஸ்பின்னிங் ரீல், 6 பவுண்டு நைலான் நரம்பு. சிறுவன் கைக்குப் பிரெய்ட் வேண்டாம், விரலை அறுக்கும். சின்ன ஸ்பூன் லூர் நாலைந்து. கடைக்காரர் பெரியதாக ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார், அசையாதீர்கள். மொத்தமாக நூறு வெள்ளிக்குள் முடியும். லூரில் மும்முள் இருந்தால் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள், எதிர்முள்ளை நசுக்குங்கள். தொப்பியும் கண்ணாடியும் மீனைவிட முக்கியம். முதல் நாள் முள்ளே இல்லாமல் வெறும் ஈயக்கட்டியைக் கட்டி, வீட்டுக்கருகே ஆளில்லாத திடலில் வீசிப் பழகட்டும். வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே வந்துவிட வேண்டும். நாற்பது வயதுக்காரர்களுக்கு அது இன்னும் வரவில்லை.

உட்லண்ட்ஸ் வாசகர்: தொட்டியில் வளர்த்த ரெட்டெயில் கேட்ஃபிஷ் பெரிதாகிவிட்டது. விசாக தினத்தன்று நீர்த்தேக்கத்தில் விடலாம் என்று அம்மா சொல்கிறார். புண்ணியமும் ஆகும், நமக்குப் பிடிக்க மீனும் ஆகும்.

புண்ணியமும் இல்லை, மீனும் இல்லை. அம்மாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: தொட்டியில் வேளாவேளைக்குத் தீனி தின்று வளர்ந்தது வெளியே பெரும்பாலும் பிழைக்காது. பிழைத்தால் இன்னும் மோசம். அது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், கண்ணில் படுவதையெல்லாம் விழுங்கும். நாம் ஆசையாகப் பிடிக்கும் பீகாக் பாஸே அமேசான் பக்கத்து மீன், தானாக நீந்தி இங்கே வரவில்லை. அப்பர் சிலேத்தாரில் தென்னமெரிக்க மொத்தோரோ திருக்கை குட்டி போடும் அளவுக்கு ஆகியிருக்கிறது. அதன் வாலில் நச்சுமுள். யாரோ ஒருவர் தொட்டியைக் காலி செய்த புண்ணியம் அது. அனுமதியில்லாமல் விலங்குகளை விட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். விசாகத்தை ஒட்டி தேசியப் பூங்காக் கழகத்தின் ஆட்களும் தொண்டூழியர்களும் கரையில் சுற்றுவார்கள். வாங்கிய கடையில் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடுங்கள். அடுத்த முறை வாங்குமுன் எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செங்காங் வாசகர்: எங்கள் நண்பர் குழுவில் 20 பேர் இருக்கிறோம். பள்ளி விடுமுறைக்கு முன்னால் ஒரு போட்டி வைக்க ஆசை. பரிசை எப்படி முடிவு செய்வது?

முதலில் அனுமதி. இருபது பேர் ராடோடு ஒரே இடத்தில் இறங்கினால் அது நிகழ்ச்சி, நண்பர்களின் பொழுதுபோக்கு அல்ல. இடத்தைப் பொறுத்து பொதுப் பயனீட்டுக் கழகத்திடமோ தேசியப் பூங்காக் கழகத்திடமோ எழுதிக் கேளுங்கள். ஒதுக்கிய கரை அப்படியொன்றும் நீளமில்லை. நீங்களே அடைத்துக்கொண்டால் தினமும் வரும் பெரியவர் எங்கே நிற்பார்? பத்துப் பத்துப் பேராக இரண்டு வேளை பிரியுங்கள்.

எடை வேண்டவே வேண்டாம். தராசில் தாடையைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்ட மீன் நீந்திப் போவதுபோல் தெரியும், பிறகு எங்கோ செத்து மிதக்கும். நீளம்தான் சரி. அளவுப்பலகையை நனைத்து, மீனைப் படுக்கவைத்து, வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து ஒரு படம். ஒவ்வொருவருக்கும் மிக நீளமான மூன்று மீன்களின் கூட்டுத்தொகை. சென்டிமீட்டருக்குக் கீழே பார்க்காதீர்கள், சண்டைதான் வரும். படத்தில் அன்றைக்கு மட்டும் கொடுத்த அடையாளச் சீட்டு தெரிய வேண்டும், இல்லையென்றால் போன மாத மீன் இந்த மாதம் பரிசு வாங்கும். எதிர்முள் நசுக்காத முள் வைத்திருப்பவரைக் களத்தில் இறக்காதீர்கள். ஆளுக்கு ஆள் ஐந்து மீட்டர். நடைபாதை பின்னால் இருந்தால் தலைக்கு மேல் வீச்சு கிடையாது, பக்கவாட்டு வீச்சு மட்டும், அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டு. ஓடிவந்த பெண்மணியின் காதில் மும்முள் மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வீசியவர் முதலில் கேட்டது லூர் உடைந்ததா என்று.

மின்னலுக்கு ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், அவர் மீன் பிடிக்கக் கூடாது. இங்கே ஆண்டில் 170 நாள் போல் இடி இடிக்கிறது, ஏப்ரலும் மேயும் அதில் முன்னணி. மின்னல் வெட்டி 30 விநாடிக்குள் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். சுமத்ரா காற்று, அதாவது மேற்கிலிருந்து இடிமழையோடு வரும் பலத்த காற்று, விடியற்காலையில் வரும் பருவமும் இதுதான். மேற்கே வானம் கறுத்தால் பரிசளிப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

குவீன்ஸ்டவுன் வாசகர்: கால்வாயில் விரால் பிடித்தேன். ஊரில் வயல் விரால் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவன். சமைக்கலாமா?

ஊர் வயல் வேறு, இந்தக் கால்வாய் வேறு. சாலை, கார் நிறுத்துமிடம், கட்டுமானத் தளம் என்று எல்லா இடத்து மழைநீரும் அதில்தான் ஓடுகிறது. நான் சாப்பிட மாட்டேன். அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்கு ஹருவான் (விரால்) சூப் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே இருப்பதால் ஈரச்சந்தை மீன்காரரிடம் சொல்லிவைத்தால் வளர்ப்பு விரால் கிடைக்கும். அதிருக்கட்டும், அந்தக் கால்வாயில் தூண்டில் போட அனுமதி உண்டா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

கிளமெண்டி வாசகர்: லூர் மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிடலாமா?

வேறு வழியில்லையென்றால் அறுக்கலாம். ஆனால் எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய் அறுங்கள். பத்து மீட்டர் பிரெய்டைத் தொங்கவிட்டுப் போனால் கொக்கும் உடும்பும் மாட்டும். அறுத்த துண்டைப் பையில் போட்டு வீட்டுக் குப்பைத்தொட்டியில் சேருங்கள்.

பேட்டை எழுதாத வாசகர்: படத்தில் இருப்பது பீகாக் பாஸ் குஞ்சா?

படத்தில் மீனைவிட உங்கள் கைக்கடிகாரம்தான் தெளிவாக இருக்கிறது. தெரிகிற மட்டில் இல்லை. வாலடியில் கண்போன்ற வட்டம் இருப்பதால் ஏமாந்திருக்கிறீர்கள், அது மாயன் சிக்லிட் என்ற மீனுக்கும் உண்டு. உடம்பில் பட்டைகளை எண்ணுங்கள்: ஆறேழு இருந்தால் மாயன், மூன்று என்றால் பீகாக். முதுகுத் துடுப்பு நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகத் தெரிந்தால் பீகாக், ஒரே ஓட்டமாகப் போனால் மாயன். அடுத்த முறை மீனைப் பக்கவாட்டில் நனைந்த கையில் பிடித்து, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஒன்று போதும், பதினாறு வேண்டாம்.