மரப்பட்டறையில் நாய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கார் ஷெட்டையே மரப்பட்டறையாக்கி வைத்திருக்கிறேன். சின்ன டேபிள் சா (மேஜையில் பொருத்திய வட்டரம்பம்), ரவுட்டர் (மரத்தில் பள்ளம் குடையும் மெஷின்), சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) இருக்கின்றன. எங்கள் லாப்ரடாரோ நான் இருக்கும் இடத்தில்தான் இருப்பேன் என்கிறது. உள்ளே விடலாமா? – வாசகர், கோவை

பதில்: உளி, இழைப்புளி, கைரம்பம் வைத்து வேலை செய்யும்போது விடலாம். மெஷின் ஓடும்போது கூடவே கூடாது.

நாய் பிளேடில் போய் மாட்டிக்கொள்ளும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். சத்தத்துக்கே பெரும்பாலும் ஒதுங்கிவிடும். ஆபத்து உங்களுக்குத்தான். பலகையைப் பிளேடுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் முழங்காலுக்குப் பின்னால் முப்பது கிலோ வந்து உரசினால் கை கொஞ்சம் விலகும். பலகை கோணலாகித் திரும்பி, பிளேடின் பின்பக்கப் பற்களில் சிக்கி உங்கள் மேலேயே எகிறும். காதடைப்பான் போட்டிருப்பதால் நாய் வருவதும் கேட்காது.

அதனால் ஓர் அரைக்கதவு போடுங்கள். லாப்ரடாருக்கு நாலடி உயரம் போதும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் வளர்ப்பவர்கள் முழுக்கதவே போட்டுவிடுவது நல்லது. அவற்றுக்கு நாலடி ஒரு பொருட்டே இல்லை. தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் மாட்டுங்கள், கைநிறையப் பலகையோடு போகும்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை. டேபிள் சாவை வாசலைப் பார்த்தபடி நின்று வேலை செய்யும்படி திருப்பி வையுங்கள்.

கதவுக்கு வெளியே வாசலை ஒட்டியே படுக்க வைப்பதிலும் பயனில்லை. ரவுட்டரும் வட்டரம்பமும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கு 100 டெசிபலைத் தாண்டும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் மடிப்பது எல்லாம் அது தாங்க முடியாமல் இருப்பதன் அடையாளம். வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது தூள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. நீங்கள் முகமூடி போடுகிறீர்கள். நாய்க்கு மூக்கே தரையில்தான். தரையில் விழுகிற பெருந்தூளைவிட, சாண்டர் கிளப்பிவிடும் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் மோசம். மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். உப்புத்தாள் வேலை முடிந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, வேக்குவம் போட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்த பிறகே நாயை விடுங்கள். துடைப்பம் எடுத்தால் படிந்ததெல்லாம் மறுபடி கிளம்பும். தேக்கு, ஈட்டி, எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்த நாளில் அன்றைக்கு உள்ளே விடாமலே இருப்பது உத்தமம்.

கைவேலை நேரத்தில் நாய்க்குப் பிடித்த இடம் பெஞ்சுக்கு அடி. மேலிருந்து உருண்டு விழும் உளி நேராக அங்கேதான் இறங்கும். பெஞ்சின் அடிப்பகுதியைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, மூலையில் ஒரு சாக்கைப் போட்டுப் பழக்குங்கள். உளிகளுக்குச் சுவரில் தாங்கி அடித்துவிடுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குட்டி. கீழே கிடப்பது எல்லாம் வாய்க்குள் போய்விடுகிறது. எதற்குப் பயப்பட வேண்டும்? – வாசகி, மதுரை

பதில்: முதல் இடம் பி.யு. பசைக்கு, அதாவது நுரைத்துப் பொங்கும் பாலியுரேத்தேன் பசைக்கு. வெள்ளை ஃபெவிகாலைக் கொஞ்சம் நக்கினால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து போகும். பி.யு. பசை அப்படியல்ல. வயிற்றின் ஈரம் பட்டதும் பல மடங்கு ஊதி, இரைப்பையின் வடிவத்திலேயே கல்லாக இறுகிவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். தின்றது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாந்தியோடு மேலே வரும் பசை உணவுக்குழாயை அடைக்கும், தண்ணீர் நுரையைக் கூட்டும். புட்டியை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தின்னர், டர்பன்டைன் குடித்தாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

துத்தநாக முலாம் பூசிய ஸ்க்ரூ, ஆணி, வாஷர் இன்னொன்று. இரைப்பை அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஈறு வெளுப்பது அல்லது மஞ்சளிப்பது, சிறுநீர் கறுப்பது அறிகுறி. வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துவிடுங்கள். ஆறு ஸ்க்ரூ காணாமல் போயிருந்தால் ஆறும் கிடைக்கும்வரை.

பலர் யோசிக்காத ஒன்று, லின்சீட் ஆயில் துடைத்த துணி. அது உலரும்போது சூடாகும். சுருட்டிக் கிடந்தால் சூடு வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். பழைய பனியன் என்றால் குட்டி கவ்விக்கொண்டு போய்ப் படுக்கைக்கு அடியில் சேர்த்துவிடும். எண்ணெய்த் துணியை வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடிபோட்டு வையுங்கள்.

வயரைக் கடிக்கும் வயதும் இதுதான். பட்டறை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். மரத்துண்டைக் கடிக்கக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம்; சிம்பு ஈறில் குத்தும், குடலிலும் குத்தும்.

கேள்வி: பழைய வீட்டுக் கதவுகளை வாங்கி பெயிண்டைச் சுரண்டி மெருகேற்றுகிறேன். நாய் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. – வாசகர், காரைக்குடி

பதில்: இந்த வேலைக்கு நாய் கண்காணாத இடத்தில் இருக்கட்டும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதிரும் பொடி ரோமத்திலும் பாதத்திலும் ஒட்டும். நாய் அதை நக்கியே உள்ளே இழுக்கும். கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். உலர்ந்த பெயிண்ட் மேல் சாண்டர் ஓட்டாதீர்கள். தாளோடு சுருட்டி எடுத்துவிட்டு உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகு நாயைத் தொடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம்.

கேள்வி: வார்னிஷ் ஈரத்தை மிதித்துவிட்டது. தின்னரால் துடைக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கூடாது. தோல் வெந்துபோகும், மிச்சத்தை நக்கியும் விடும். ஈரமாக இருந்தால் சமையல் எண்ணெய் தடவிக் குழைத்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் போட்டுக் கழுவுங்கள். காய்ந்துவிட்டால் அந்த முடியை மட்டும் கத்தரித்துவிடுங்கள்.

கேள்வி: ஆண் நாய். அடுக்கி வைத்த மரத்தில் தினமும் காலைத் தூக்குகிறது. கறை போகுமா? – வாசகர், சேலம்

பதில்: அதன் கணக்கில் அது புது மரம், புது வாசனை; முத்திரை குத்தாமல் விடாது. நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா, டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரத்தைக் கறுக்கச் செய்யும். அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கறுத்துவிட்டால் இழைப்புளியால் அரை மில்லிமீட்டர் சீவிப் பாருங்கள். போகவில்லையென்றால் அந்தப் பக்கத்தைச் சட்டத்தின் உள்பக்கமாகத் திருப்பிப் பயன்படுத்துங்கள். அடுக்கைச் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து மூன்றடிக்கு மேல் ஏற்றிவிடுங்கள்.