நாற்பது துண்டுப் பெட்டி வேண்டாம், ஒரு தட்டை முனை போதும்

கேள்வி: நான் மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியை. ஆண்டிறுதி விழாவுக்கான சான்றிதழ்களில் பிள்ளைகளின் பெயர்களை எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான். அழகெழுத்தை முறையாகப் பழக ஆசை. இணையத்தில் 40 துண்டுகள் கொண்ட பெட்டி ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள், ரீச்சர். அத்தகைய பெட்டிகளில் இரண்டு வேறு குலத்துப் பேனை முனைகள் கலந்து கிடக்கும். எது எதற்கென்று பெட்டி சொல்லாது.

ஒன்று கூர்முனை. அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை விட்டால் மெலியும். சாய்ந்தோடும் ஆங்கிலக் கொப்பர்பிளேட் எழுத்து இதற்குரியது. கீழிருந்து மேலே போகும்போது சற்று அழுத்திவிட்டால் முனை தாளைக் குத்தி மையைத் தெறிக்கும். நம்முடைய 'ண', 'ஞ' எல்லாம் சுழன்று சுழன்று மேலேறுபவை. பழகாத கை நாலாவது எழுத்திலேயே சலித்துவிடும்.

மற்றது உளி போன்ற தட்டைமுனை. இதில் அழுத்தத்துக்கு வேலை இல்லை, பிடிக்கும் சாய்வுதான் எல்லாம். 'ட' எழுதிப் பாருங்கள். முனையின் விளிம்பை எழுதும் வரிக்கு 45 பாகையில் வைத்தால் நிலைக்கோடும் கிடைக்கோடும் ஒரே தடிப்பில் விழும். 30 பாகைக்குக் குறைத்தால் நிலைக்கோடு தடிக்க, கிடைக்கோடு முனையகலத்தில் பாதியாகிவிடும். இரண்டில் எது அழகென்று நீங்களே தீர்மானிக்கலாம். ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. ஆகவே தமிழுக்கு இன்ன சாய்வுதான் என்று மரபு எதையும் விதித்து வைக்கவில்லை. நான் 40 பாகையை ஒட்டிப் பிடிப்பவன். எடுத்த சாய்வை வரி முடியும்வரை மாற்றாமல் இருப்பதுதான் பயிற்சி.

அதற்கு முதலில் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டு பென்சில்களின் கூர்கள் சமமாக நிற்கும்படி சேர்த்து இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூர்களும் தட்டைமுனையின் இரு மூலைகள். கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கொப்பியில் இரண்டு வாரம் எழுதுங்கள். சாய்வு எங்கே பிசகுகிறது என்பதை மையை விட இந்த இரட்டைக்கோடு தெளிவாகக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஒரு பேனை. என் தெரிவு பைலட் நிறுவனத்தின் பரலல் பேனை. மைக்குழாயைச் செருகி எழுதலாம். தோய்த்துத் தோய்த்து எழுதும் தொல்லை இல்லை. 1.5, 2.4, 3.8, 6.0 மில்லிமீட்டர் என அகலங்கள் உண்டு. ரோமன் எழுத்துக்கு முனையகலத்தின் நான்கைந்து மடங்கு உயரம் வைப்பது வழக்கம். தமிழுக்கு அது காணாது, சுழிகள் மையால் அடைபட்டுவிடும். நான் ஏழு மடங்கு வைக்கிறேன். அப்படியானால் 1.5 முனைக்கு எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட, சான்றிதழுக்கு அளவானது. 3.8 முனைக்கு இரண்டரைச் சென்டிமீட்டரைத் தாண்டும். அது பதாகைக்கு. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ புத்தகசாலைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பிக்கலாம்.

மை விடயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். கறுப்பு நன்றாக ஏறட்டும் என்று இந்தியன் மையை இந்தப் பேனைக்குள் ஊற்றினேன். அந்த மையில் அரக்கு இருக்கிறது. காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பேனை அன்றோடு சரி. ஊற்றுப் பேனைக்குரிய மையை மட்டும் ஊற்றுங்கள். இந்தியன் மை தோய்த்தெழுதும் முனைக்கு ஆகும், அதுவும் எழுதி முடித்த கையோடு முனையைக் கழுவினால். புது உலோக முனையில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் மை பிடிக்காமல் உருண்டோடும்.

தாள்தான் பலரைக் கவிழ்க்கிறது. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள போட்டோகொப்பித் தாள்கள் பலவற்றில் கோட்டின் ஓரத்தில் பூரான் கால் போல மை கிளைவிடும். 100 கிராமுக்குக் குறையாத வழவழப்பான தாளை ஒன்றிரண்டு மட்டும் வாங்கி, கோடு இழுத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். உங்கள் விழா ஆண்டிறுதியில், அதாவது நல்ல மாரியில் வருகிறது. ஈரம் உறிஞ்சிய தாளில் நல்ல மையும் பரவும். தாளைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, தகரப் பெட்டிக்குள் வையுங்கள். காய்ந்த காற்று வீசும் சோளகக் காலத்தில் தொல்லை வேறு: யோசித்துக்கொண்டு இருக்கும்போதே முனையில் மை காய்ந்துவிடும், மூடியைப் போட்டுவிட்டு யோசியுங்கள்.

சான்றிதழ் அச்சடிக்கக் கொடுக்கும்போதே பளபளப்பில்லாத அட்டையில் கேளுங்கள். பளபளப்பான அட்டை மையை உறிஞ்சாது. மேலே நிற்கும் மையில் கை பட்டால் பிள்ளையின் பெயர் பாதி உள்ளங்கைக்கு வந்துவிடும். அச்சகத்தில் பிழையாக விழுந்த பிரதிகள் நாலைந்து கிடக்கும், கேட்டால் தருவார்கள். வகுப்பிலேயே நீளமான பெயரை முதலில் அதில் எழுதிப் பாருங்கள்.