நிலத்தை விற்று டெசால் படிக்கலாமா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஒரு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். இங்கிலாந்து போய் ஆங்கிலம் கற்பிப்பதிலேயே ஒரு எம்.ஏ., அதாவது டெசால், படிக்க ஆசை. படித்தால் அங்கேயே பள்ளியில் வேலை கிடைத்துவிடும் என்று கும்பகோணத்தில் ஒரு ஏஜென்சியில் சொன்னார்கள். ஒன்பது மா நிலத்தில் பாதியை விற்றுத் தருகிறேன் என்கிறார் அப்பா. போகலாமா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: போகலாம். ஆனால் இந்த வருஷம் வேண்டாம், நிலத்தை விற்றும் வேண்டாம்.

ஏஜென்சி சொன்னது சரியில்லை. டெசால் ஓராண்டுப் படிப்பு. இங்கிலாந்தின் அரசுப் பள்ளியில் ஆசிரியராக க்யூ.டி.எஸ். என்று தனியாக ஒரு தகுதி உண்டு, அதை டெசால் தராது. படிப்பு முடிந்ததும் அங்கே தங்கி வேலை தேட கிராஜுவேட் விசா இருக்கிறது, அதுவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதற்குள் வேலை தேடி, நிலைத்து, போட்ட பணத்தையும் எடுத்துவிடலாம் என்று நம்பி விதைநெல்லில் கை வைக்காதீர்கள்.

செலவைப் பாருங்கள். கட்டணம் மட்டுமே பல பல்கலைக்கழகங்களில் 20,000 பவுண்டைத் தாண்டுகிறது, அதற்கு மேல் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, அப்புறம் ஒன்பது மாதச் சாப்பாடு, வாடகைக்கான பணம் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக ஈடு கேட்பார்கள். வயலை ஈடாகக் கொடுத்தால் வங்கிகள் தயங்கும், ஏனென்றால் கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தொட முடியாது. அதனால்தான் நம் பக்கத்தில் பேச்சு நேராக விற்பனைக்கோ வட்டிக்கடைக்கோ போய்விடுகிறது. ரெண்டும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னும் ஒரு வருஷமாவது வகுப்பிலேயே இருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகை கட்டணம், விமானம், தங்கும் செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும், படித்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு வருஷம் இங்கே இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை. ஆகஸ்ட் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். போட்டி கடுமை, அதனால் உங்கள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், விண்ணப்பக் கட்டுரைக்கு அதுதான் சரக்கு.

உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் அந்த அனுபவம் வீண் போகாது. இந்தப் படிப்பின் பாதி, நீங்கள் பாடம் எடுத்த பிள்ளைகளை வைத்து யோசிப்பதுதான். வீட்டில் ஆங்கிலம் காதிலேயே விழாத நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பது அங்கே பலருக்குப் புத்தகத்தில் வரும் கேள்வி, உங்களுக்கு அது தினசரி வேலை. 1979லிருந்து 1984 வரை ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய சோதனையை அங்கே கட்டாயம் படிப்பீர்கள். இலக்கணத்தை நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பதில் கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது என்று வேலைகளைக் கொடுத்து, அதைச் செய்யும்போக்கில் பிள்ளைகளுக்கு மொழி வரட்டும் என்று விட்டுப் பார்த்தார். உலகம் முழுக்கப் பேசப்படும் அந்தச் சோதனை நடந்த இடங்கள் பெங்களூரு, சென்னை, அப்புறம் நமக்குப் பக்கத்துக் கடலூர்! நம் வகுப்பறைகளிலிருந்து உலகம் கற்றுக்கொண்டிருக்கிறது, நீங்களும் வெறுங்கையோடு போகாதீர்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் செல்டா, ஆங்கிலம் கற்பிக்க நான்கு வாரப் பயிற்சி, ஆன்லைனிலும் உண்டு, ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவைத்துப் பார்த்துத் திருத்துவார்கள். ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே 1958ல் தொடங்கிய ஹைதராபாத் நிறுவனம்தான் இன்றைய இஃப்லு, அதாவது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், அங்குள்ள படிப்புகளையும் விசாரியுங்கள். டி.ஆர்.பி., அதாவது தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வையும் விட்டுவிடாதீர்கள், முதுகலை ஆசிரியர் பணிக்கு வேண்டிய எம்.ஏ.வும் பி.எட்.டும் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

கேள்வி: எனக்கு டெசாலில் இடம் கிடைத்துவிட்டது. கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: முடியாது. 2024 ஜனவரியிலிருந்து, இங்கிலாந்தில் வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் முதுகலை மாணவர்கள் குடும்பத்தைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப் போக அனுமதி இல்லை, பி.எச்.டி. போன்ற ஆராய்ச்சிப் படிப்புக்கும், அரசின் முழு உதவித்தொகையில் படிப்பவர்களுக்கும்தான் உண்டு. ஒரு வருஷம் குழந்தையைப் பிரிந்திருப்பது பற்றி வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.